வங்கக் கடற் சூறாவளியும் எச்சரிக்கையின் வரலாறும்

1970ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆந் தேதி இரவு, கங்கையும் பிரமபுத்திராவும் ஒன்றுகூடி மேக்னா என்னும் பெயருடன் வங்கக் கடலிற் கலக்கும் முகத்துவாரத்தில் ஒரு சூறாவளி கரையேறியது. அக்காலத்தில் கிழக்குப் பாகிஸ்தான் எனப்பட்ட அந்நாட்டின் கரையோரத் தீவுகள் பல ஓரிரவிற் பாழாயின. மாண்டவர் மூன்று இலட்சத்துக்குக் குறையார் என்பர். ஐந்து இலட்சம் எனக் கணக்கிடுவாரும் உளர். சூறாவளியொன்று இதனினும் மிகுதியான உயிர்களைக் கொண்டதாக உறுதியான குறிப்பு வரலாற்றில் இல்லை. மறு ஆண்டில் நெயில் பிராங்க் என்னும் அமெரிக்க வானிலை அறிஞரும் உசைன் என்னும் அறிஞரும் சேர்ந்து இச்சூறாவளியைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அதிற் கூறப்பட்ட ஒரு செய்தி, இறந்தோர் தொகையினும் மேலாகச் சிந்தனையைத் தூண்டுவது. அப்பகுதி மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோர் புயல் வருவதை முன்னரே அறிந்திருந்தனர். ஆயின், உறுதியான கட்டடமொன்றை நாடி அடைக்கலம் புகுந்தவர் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவுதானும் இல்லை.

வானொலி கூறியது, காது கேட்டது, கால் எழவில்லை. இதற்குக் காரணம் யாது? எழுத்தறிவில்லாத மக்கள் என்று கூறி இக்கேள்வியைக் கடந்து செல்வது எளிது. கடலையும் காற்றையும் பரம்பரை பரம்பரையாக அறிந்த மீனவரையும் உழவரையும் அறியாதவர் என்றல் பொருந்தாது. எச்சரிக்கை என்பது முதன்முதலில் யாருக்காக, யாரால், எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதை ஆராய்ந்தாலன்றி இதற்கு விடை கிடையாது. அவ்வாராய்ச்சிக்கு இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

வங்கக் கடலின் அமைப்பை முதலில் மனத்திற் கொள்ளுதல் நலம். தெற்கே அகன்றும் வடக்கே செல்லச் செல்ல ஒடுங்கியும், எண்ணெய் வார்க்கும் புனலை ஒத்தது இக்கடல். வடகோடியில் ஆழமும் குறைவு. சூறாவளி தன் முன்னே தள்ளிக்கொண்டு வரும் நீர் விலகிச் செல்ல வழியின்றி மேலெழுகிறது. அவ்வேளையிற் பௌர்ணமி அல்லது அமாவாசையின் வற்றுப்பெருக்கும் சேர்ந்துகொண்டால், கடல் மட்டத்துக்குச் சில அடி உயரமேயுள்ள வண்டல் தீவுகளின் மேல் இருபது அடி நீர் ஏறிவிடும். உலகிலே தோன்றும் சூறாவளிகளுள் மிகச் சிறிய பங்கே வங்கக் கடலுக்கு உரியது. எனினும் மிகக் கூடிய உயிர்ச்சேதத்தை விளைத்தவற்றுட் பெரும்பாலானவை இக்கடலிலேயே நிகழ்ந்துள்ளன. காற்றினால் மாண்டோர் சிலர்; நீரினால் மாண்டோரே பலர்.

இவ்வுண்மையைத் தெளிவுற எடுத்துரைத்தவர் ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர். கப்பற்றலைவராயிருந்து பின்னர்க் கல்கத்தாவிற் குடியமர்ந்த இவர், புயலில் அகப்பட்டு மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று வீசியது என்று ஒவ்வொரு கப்பலும் எழுதி வைத்திருந்ததை ஒப்புநோக்கியபோது, காற்று நேராக வீசவில்லை, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கின்றது என்பது புலனாயிற்று. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து 'சைக்கிளோன்' என்னும் பெயரை அவரே ஆக்கினார். 1848இல் வெளிவந்த அவருடைய கப்பலோட்டிகளுக்கான கைந்நூல் அப்பெயரை உலகெங்கும் பரப்பியது. தமிழிலோ சூறை என்னும் சொல் சுழல்காற்றையும் குறிக்கும், கொள்ளையையும் குறிக்கும். காற்றின் வடிவத்தைக் கண்டு அவர் பெயரிட்டார். அதன் செயலையும் கண்டு பெயரிட்டவர் நம் முன்னோர் போலும்.

பிடிங்டனின் வாழ்க்கையில் மற்றொரு நிகழ்ச்சி ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையிற் புதிய துறைமுகமொன்றை அமைக்க ஆட்சியினர் எண்ணியபோது, 1853இல் அவர் ஆள்பதி டல்ஹௌசிப் பிரபுவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சூறாவளியின் நடுவே உப்புநீர்த் திரள் உருண்டு வந்து அக்குடியேற்றம் முழுவதையும் ஐந்தடி முதல் பதினைந்தடி ஆழம் வரை மூழ்கடிக்கும் நாள் வந்தே தீரும் என்பது அவர் வாதம். கேட்பார் இல்லை. துறைமுகம் அமைக்கப்பட்டுக் கானிங் பிரபுவின் பெயரையும் பெற்றது. பிடிங்டன் 1858இற் காலமானார். 1867இற் புயல் வந்தது. கடற்பெருக்கு நகரை அழித்தது. சில ஆண்டுகளுள் அத்துறைமுகம் கைவிடப்பட்டது. படிப்பறிவு மிக்க ஆட்சியாளரும் எச்சரிக்கையைக் கேட்டும் எழாதவரே என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

கானிங் அழிவதற்கு மூன்றாண்டு முன்னரே கல்கத்தா ஒரு பேரிழப்பை அடைந்திருந்தது. 1864 ஒக்டோபர் 5ஆந் தேதி ஊக்கிளி ஆற்று வழியே ஏறிய கடற்பெருக்கினால் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுட் பெரும்பாலானவை கரையில் ஏற்றப்பட்டன, உடைந்தன அல்லது மூழ்கின. ஆற்றின் இருமருங்கிலும் மாண்ட மக்கள் அறுபதினாயிரம் வரை என்பர். மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் திணைக்களம் தோன்றியது. அதன் முதற்றலைவர் ஹென்றி பிளான்போர்ட்.

இவ்வெச்சரிக்கை எத்தகையது என்பதே இங்கு நோக்கத்தக்கது. துறைமுகக் கொடிமரத்திற் பகலிற் கூம்புகளும் உருளைகளும் ஏற்றப்படும். இரவில் விளக்குகள் ஏற்றப்படும். பின்னர் ஒன்று, இரண்டு, மூன்று என எண்கள் வழங்கலாயின. அவற்றுட் சில எண்கள், புயல் துறைமுகத்துக்கு வலப்புறமாகக் கடக்குமா இடப்புறமாகக் கடக்குமா என்பதை உணர்த்துவன. மாலுமிக்கு இது இன்றியமையாத செய்தி. நங்கூரமிடுவதா, கடலுக்குள் விலகிச் செல்வதா என்று அவன் அதனைக் கொண்டு துணிவான். வண்டல் தீவிலே குடிசையில் இருக்கும் உழவனுக்கு அதனால் ஆவதென்ன? ஐந்தாம் எண்ணாயினும் ஆறாம் எண்ணாயினும் அவன் குடிசை ஒன்றே. அது நிற்கும் நிலத்தின் உயரமும் ஒன்றே. எச்சரிக்கை கப்பலுக்கும் சரக்குக்கும் ஆக்கப்பட்டது. குடிமக்களுக்கென அஃது ஆக்கப்படவில்லை.

இதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. திணைக்களம் தோன்றிய மறு ஆண்டு, 1876 ஒக்டோபர் 31ஆந் தேதி இரவு, மேக்னா முகத்துவாரத்தில் உள்ள தீவுகளைக் கடற்பெருக்கு மூடியது. பாக்கர்கஞ்சுச் சூறாவளி என வரலாற்றில் வழங்குவது அதுவே. ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் நீரில் மாண்டனர். நீர் வடிந்த பின்னர் வாந்திபேதியும் பிற நோய்களும் பரவி அதே அளவினரைக் கொன்றன. அன்று பேரழிவுற்ற தீவுகளுள் ஒன்று தக்கின் ஷாபாஸ்பூர். தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் கழித்து 1970இல் அழிந்த தீவும் அதுவே. போலா என்னும் மறுபெயரால் அப்போது அறியப்பட்டிருந்தது. முகத்துவாரமும் தீவும் காலப்பருவமும் ஒன்றாகவே இருந்தன. இடைப்பட்ட காலத்தில் தந்தி வந்தது, வானொலி வந்தது, இறுதியில் விண்ணிலிருந்து புயலைப் படம்பிடிக்கும் செயற்கைக் கோளும் வந்தது.

வானொலியின் வரவு பெரு நம்பிக்கையைத் தந்தது உண்மையே. கொழும்பிலிருந்து ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. 1960ஆம் ஆண்டளவில் சிறிய திரான்சிஸ்ரர் வானொலிப் பெட்டிகள் கிராமங்களையும் எட்டலாயின. ஆயினும் 1964 டிசம்பர் 22ஆந் தேதிச் சூறாவளி, இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக்குநீரிணையிற் புகுந்தபோது, அந்நம்பிக்கையின் எல்லையும் தெரிந்தது. அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகையிரதம் நிலையத்தை அணுகுமுன் கடற்பெருக்கில் அகப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைமன்னாருக்குக் கப்பலேறுவோர் ஐம்பது ஆண்டுகளாகப் பயன்படுத்திய தனுஷ்கோடித் துறையும் ஊரும் அழிந்தன. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு வளைகளைக் கடல் அள்ளிச் சென்றது. பாலத்தை நாற்பத்தாறு நாட்களிற் பொறியியலாளர் மீண்டும் நிறுத்தினர். இளம் பொறியியலாளர் சிறீதரனின் பெயர் அப்பணியாலேயே முதன்முதல் வெளிப்பட்டது. தனுஷ்கோடி ஊரோ மீண்டெழவில்லை. மக்கள் வாழ்தற்குத் தகாத இடமென அரசாங்கம் அறிவித்துவிட்டது. இரும்பைத் திரும்பக் கொணர்தல் எளிது. ஊரைத் திரும்பக் கொணர்தல் எளிதன்று.

இனி 1970ஆம் ஆண்டுக்கு மீள்வோம். கிழக்குப் பாகிஸ்தான் முன்னெச்சரிக்கையைப் பற்றிச் சிறிதும் எண்ணாதிருந்தது என்றல் நியாயமாகாது. 1960 ஒக்டோபரில் இரு சூறாவளிகள் அடுத்தடுத்து வந்தபின், அமெரிக்கத் தேசியச் சூறாவளி நிலையத்தின் தலைவராகிய கோர்டன் டன் என்பவரை அழைத்து ஆலோசனை கேட்டனர். அமெரிக்கரின் 'ஹரிக்கேன்' அனுபவத்தைக் கொண்டு அவர் 1961இல் விரிவான அறிக்கை அளித்தார். அவர் கூறியவை அனைத்தும் நிறைவேற்றப்படவில்லை. பத்தாண்டு கழிந்தது.

நவம்பர் மாத நடுப்பகுதியில் அத்தீவுகளில் நெல் விளைந்து அறுவடைக்குக் காத்திருக்கும். அறுவடைக் கூலிக்கென வெளியூர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து தங்கியிருந்தனர். நோன்பு மாதம், பௌர்ணமிக்கு முந்திய இரவு. ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன்னர், ஒக்டோபரில், ஒரு புயலைப் பற்றிப் பலத்த எச்சரிக்கை விடுக்கப்பட்டு, அது கருதிய அளவு கொடியதாக அமையாமற் போயிருந்தது. எனவே இரண்டாம் எச்சரிக்கை வந்தபோது அதன் மதிப்புக் குறைந்திருந்தது. அன்றியும், காற்று வரும் என்பதை மக்கள் உணர்ந்தனரேயன்றிக் கடலே எழுந்து வரும் என்பதை உணர்ந்திலர். உணர்ந்தோர்தாமும் எங்கே செல்வது? மண்ணும் மூங்கிலும் ஓலையுமே வீடுகள். கற்கட்டடம் சில மைலுக்கு அப்பால் ஒன்று இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். வீட்டை விட்டுச் சென்றால் மாட்டை யார் காப்பார்? விளைந்த நெல்லை யார் காப்பார்? பகலில் ஒரு முடிவு எடுக்காதவன், நள்ளிரவில் நீர் வாசலுக்கு வந்தபின் எடுக்கக்கூடிய முடிவு மரத்தில் ஏறுவது ஒன்றே.

அம்மரங்களைப் பற்றிய குறிப்பொன்று மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ளது. டாக்காவிலிருந்த வாந்திபேதி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அல்பிரட் சோமர், வைலி மோஸ்லி என்னும் இரு மருத்துவர் புயலின் பின் தீவுகளிற் குடும்பங் குடும்பமாக விசாரித்து 1972இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பிழைத்தவர் பலருடைய மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடைகளிலும் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. இரவு முழுவதும் மரத்தைக் கட்டித் தழுவிக்கொண்டிருந்ததன் அடையாளம் அது. அவ்வாறு பற்றிக்கொள்ள வலிமையுள்ளவர் யாவர்? பதினைந்து வயதுக்கு மேற்பட்ட திடகாத்திரமான ஆடவர். குழந்தைகளும் முதியோரும் பெண்களும் மிகுதியாக மாண்டதன் காரணம் இதனால் விளங்கும். அவர்கள் கணக்கின்படி அப்பகுதியில் ஆறில் ஒருவர் மாண்டார்.

இம்மருத்துவரின் ஆராய்ச்சி மீட்சியைப் பற்றியும் ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. எங்கும் மருந்தும் தடுப்பூசியும் அனுப்புவதிலேயே உலகம் முனைந்து நின்றது; பிணங்களினாற் கொள்ளைநோய் பரவும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். ஆனால் பிழைத்தவரிடையே எதிர்பார்த்த பெருநோய் காணப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தவை அடுத்த அறுவடை வரை சோறு, தலைக்கு மேல் ஒரு கூரை, உழுவதற்கு மாடு, மீன்பிடிக்க வள்ளமும் வலையும். மருந்துப் பெட்டியை வானூர்தியில் ஏற்றுவது எளிது; உழவுமாட்டை ஏற்றுவது கடினம். உதவி எளிதானதையே முதலிற் செய்தது. இஃது அவ்வொரு புயலுக்கு மட்டும் உரிய குறையன்று.

நிவாரணத்தின் தாமதம் ஆட்சியின் மீது பெருஞ்சினத்தை மூட்டியது. டிசம்பர் 7ஆந் தேதி பொதுத்தேர்தல். அழிவுற்ற பகுதிகளில் மட்டும் 1971 சனவரியில் வாக்கெடுப்பு நடைபெற்றது. கிழக்கு வங்கம் ஒருமுகமாக அவாமி லீக் கட்சியைத் தெரிந்தெடுத்தது. ஆண்டு முடிவதற்குள் பங்களாதேசம் என்னும் புதிய நாடு உதயமாயிற்று. புயலினாலேயே ஒரு நாடு பிறந்தது என்று கூறுவது மிகை. பழைய மனக்குறைகள் பல இருந்தன. புயல் அவற்றை யாவரும் காணச் செய்தது.

புதிய நாட்டில் 1972இல் தொடங்கிய முயற்சியே இவ்வரலாற்றின் திருப்பம். செஞ்சிலுவைச் சங்கங்களின் உலகக் கழகம் சுவீடன் நாட்டவரான கிளாஸ் ஹாக்ஸ்ட்ரோம் என்பவரை அங்கு அனுப்பியது. அவர் கரையோரக் கிராமங்களிற் சுற்றித் திரிந்து மீனவரோடும் உழவரோடும் பேசினார். மக்கள் செய்தியைக் கேட்கவில்லை என்பதன்று குறை, செய்தியைக் கூறியவர் அவர்களுக்கு அந்நியர் என்பதே குறை எனக் கண்டவர்கள் அவரும் அவருடன் உழைத்த வங்க மக்களுமே. டாக்காவிலிருந்து வரும் குரல் யாருடையது? அரசாங்கத்தினுடையது. அயல்வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டி, 'நான் என் மனைவி மக்களை அனுப்பிவிட்டேன், நீயும் புறப்படு' என்று கூறினால் அது வேறு.

இதனை அடிப்படையாகக் கொண்டு எழுந்ததே சூறாவளி ஆயத்தத் திட்டம். 1973இல் அரசாங்கமும் அதிற் பங்காளியாயிற்று. இரண்டாயிரம் மூவாயிரம் மக்களுக்கு ஒரு தொண்டர் குழு, குழுவினர் அவ்வூரார், ஊராராலேயே தெரிந்தெடுக்கப்படுவர். சம்பளம் இல்லை. குழுவுக்கு ஒரு வானொலிப் பெட்டி, ஒரு கை ஒலிபெருக்கி, கையாற் சுழற்றும் ஊதுகருவி, கொடிகள், முதலுதவிப் பெட்டி ஆகியன வழங்கப்பட்டன. எச்சரிக்கை கூற ஒருவர், அடைக்கலத்துக்கு அழைத்துச் செல்ல ஒருவர், மீட்க ஒருவர், காயத்துக்கு மருந்திட ஒருவர் எனப் பணிகள் பகுக்கப்பட்டன. துறைமுகத்தின் எண்களும் நீங்கவில்லை. ஆனால் கிராமத்தில் அவை மூன்று கொடிகளாகச் சுருங்கின. ஒரு கொடி ஏறினாற் கவனம். இரண்டு ஏறினால் ஆயத்தம். மூன்று ஏறினாற் புறப்பாடு. ஒரு நூற்றாண்டாக மாலுமிக்குப் பேசிய கொடிமரம் முதன்முறையாகக் குடியானவனுக்குப் பேசியது. புயலில்லாப் பருவத்தில் ஒத்திகைகளும் நாடகங்களும் நடத்தப்பட்டன. மாடுகளை ஏற்றி நிறுத்த மண்மேடுகளும் எழுப்பப்பட்டன. மக்கள் அவற்றுக்கு முஜிப் கோட்டை எனப் பெயரிட்டனர். இறந்த மாட்டை எண்ணி வீட்டிலிருந்து மாண்டவரை நினைத்தால், அம்மண்மேடு எத்துணை நுண்ணிய சிந்தனையின் விளைவு என்பது விளங்கும்.

வடகோடியில் எச்சரிக்கை இவ்வாறு உருப்பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், அதே கடலின் தென்மேற்குக் கரை மீட்சி எத்துணை நீண்டது என்பதை அனுபவித்து அறிந்தது. 1978 நவம்பர் 23ஆந் தேதி மட்டக்களப்பிற் கரையேறிய சூறாவளியை அப்பகுதி நேயருள் மூத்தோர் நேரிற் கண்டவராவர். ஏறக்குறைய 900 பேர் மாண்டனர். பத்து இலட்சம் மக்கள் பாதிப்புற்றனர். இரண்டரை இலட்சம் கட்டடங்கள் பழுதுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் நெற்களஞ்சியங்கள் பதினொன்றில் ஒன்பது அழிந்தன. 240 பாடசாலைக் கட்டடங்கள் சேதமுற்றன. மீன்பிடிக்கலங்களில் ஐந்தில் ஒன்று இல்லாதொழிந்தது. இவை யாவற்றினும் நெடுங்காலம் வருத்தியது தென்னையின் அழிவு. மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, அதாவது 28,000 ஏக்கர், ஒரே இரவிற் சாய்ந்தது. வயல் அடுத்த போகத்தில் விளையும். வள்ளத்தைச் சில மாதங்களிற் கட்டலாம். தென்னம்பிள்ளையோ காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டுகள் கொள்ளும். தேங்காயையும் கிடுகையும் கயிற்றையும் நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு அந்த ஆறேழு ஆண்டுகளுக்கு எந்த நிவாரண அட்டையும் போதியதாக இருந்திருக்க முடியாது. புயலின் காலம் ஓரிரவு. மீட்சியின் காலத்தை வரையறுப்பது மரத்தின் வளர்ச்சியே.

வங்கத்தின் தொண்டர் படைக்குப் பெருஞ்சோதனை 1991 ஏப்பிரல் 29ஆந் தேதி வந்தது. சிற்றகாங்கு, கொக்ஸ் பஜார்க் கரைகளையும் சந்துவீப், குதுப்தியா முதலிய தீவுகளையும் தாக்கிய அச்சூறாவளியின் கடற்பெருக்கு இருபது அடி. தொண்டர்கள் எச்சரித்தனர், எச்சரித்துக்கொண்டிருந்தபோதே தம்முயிர் நீத்தாரும் அவருட் சிலர். புகலிடங்களில் ஏறியோர் பிழைத்தனர். ஆனால் புகலிடங்கள் முந்நூறு அளவினவே. கரையோர மக்களோ பல இலட்சம். 1,38,000 பேர் மாண்டனர்.

மாண்டவரின் கணக்கை ஆராய்ந்தபோது ஒரு கொடிய வேற்றுமை தெரிந்தது. இருபது முதல் நாற்பத்து நான்கு வயது வரையுள்ளவருள், ஆடவரில் ஆயிரத்துக்குப் பதினைந்து பேர் இறக்கப் பெண்டிரில் எழுபத்தொருவர் இறந்தனர். மரம் ஏறும் வலிமை மட்டும் இதற்குக் காரணமன்று. தொண்டர் ஆடவர், ஒலிபெருக்கியுடன் சந்தையிலும் தெருவிலும் சென்றனர், பெண்கள் வளவுக்குள் இருந்தனர். கணவன் வராமல் மனைவி வீட்டை விட்டுப் புறப்படுதல் வழக்கமன்று. புகலிடத்தில் அந்நிய ஆடவருக்கிடையே ஓரிரவு நிற்க வேண்டும், தனியறையில்லை, மலசலகூடமில்லை. இடுப்பிற் குழந்தை, காலைச் சுற்றிய சேலை. செய்தி ஊருக்கு வந்தது; வீட்டின் உள்ளறைக்கு வரவில்லை. 1970இற் கேட்ட கேள்வி இருபது ஆண்டுகளின் பின் வேறு வடிவத்தில் மீண்டும் எழுந்தது.

இம்முறை விடை விரைவாகத் தேடப்பட்டது. தொண்டர் குழுக்களிற் பெண்கள் சேர்க்கப்பட்டனர். இன்று எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டருட் பாதியளவினர் பெண்கள். புகலிடங்களிற் பெண்களுக்குத் தனியறைகள் அமைக்கப்பட்டன. புகலிடம் என்று கட்டி ஆண்டு முழுவதும் பூட்டி வைத்தால் அது பாழடையும், மக்களுக்கும் பழக்கமில்லாத இடமாகும் எனக் கண்டு, அவற்றைப் பாடசாலைகளாகவே கட்டினர். தூண்களின் மேல் உயர்த்திய மாடியில் வகுப்பறைகள். கீழே நீர் தடையின்றி ஓடுவதற்கு வெற்றிடம். சிலவற்றில் மாடுகள் ஏறுதற்கும் சாய்தளம். பிள்ளைகள் நாள்தோறும் ஏறி இறங்கும் படி, புயலிரவிற் பெற்றோருக்கும் அறிமுகமான படியாயிற்று. கட்டடக் கலைஞர் புகழும் அழகு அவற்றில் இல்லை. ஆயினும் ஒரு பாடசாலைக் கட்டடத்தை இதனினும் நன்றாகப் பயன்படுத்திய நாடு அரிது.

2007 நவம்பர் 15ஆந் தேதி வந்த சித்ர் சூறாவளி முந்தியவற்றுக்கு வலிமையிற் குறைந்ததன்று. சுந்தரவனக் காடு அதன் வேகத்தை ஓரளவு தாங்கிக்கொண்டது. மாண்டவர் மூவாயிரத்து நானூறு பேர் அளவில் நின்றனர். இஃது இயற்கையின் கருணையால் மட்டும் நிகழ்ந்தது என்று எண்ணுவோருக்கு அடுத்த ஆண்டே மறுமொழி கிடைத்தது. 2008 மே மாதத் தொடக்கத்தில் நர்கீஸ் சூறாவளி மியன்மாரின் ஐராவதிக் கழிமுகத்திற் புகுந்தது. நிலம் அதே வகையான வண்டல், கடலும் அதுவே. இந்திய வானிலைத் திணைக்களம் முன்னறிவித்திருந்தது. ஆயின் கழிமுகத்துக் கிராமங்களிற் கொடியேற்றுவாரும் இல்லை, ஏறுவதற்குப் படியும் இல்லை. அங்கு மாண்டவரும் காணாமற் போனவரும் ஏறக்குறைய 1,38,000 பேர். புயலின் பின் வெளிநாட்டு உதவியை உள்ளே விடுவதற்கு அந்நாட்டின் இராணுவ ஆட்சி வாரக்கணக்காகத் தயங்கியது.

2020 மே மாதத்தில் அம்பன் என்னும் சூறாவளி வங்கத்தை அணுகியபோது உலகெங்கும் கொரோனாத் தொற்று. மக்களை ஒரே கூரையின் கீழ் நெருக்கி வைப்பதே ஆபத்தாக இருந்த காலம் அது. பாடசாலைகளையும் பிற கட்டடங்களையும் சேர்த்துப் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட புகலிடங்களைத் திறந்து, பங்களாதேசத்தார் ஏறக்குறைய இருபத்து நான்கு இலட்சம் மக்களை இடம்பெயரச் செய்தனர். அந்நாட்டில் மாண்டவர் முப்பது பேருக்கும் குறைவு. 1970இன் மூன்று இலட்சத்தோடு இதனை ஒப்பிட்டு மகிழ்வது இயல்பே. எனினும் இறந்தோர் தொகையை மட்டும் நோக்கின் முழு உண்மை புலனாகாது. 2009இல் வந்த அய்லா சூறாவளியைப் போலவே அம்பனும் சத்கீரா, குல்னா மாவட்டங்களின் ஆற்றணைகளை உடைத்தது. உயிர் தப்பிப் புகலிடத்திலிருந்து இறங்கி வந்தவர் தம் வயல்களில் உப்புநீரைக் கண்டனர். உடைந்த அணையின் எஞ்சிய மண்மேட்டின் மேற் கொட்டில்களைக் கட்டிக்கொண்டு அவர்கள் காத்திருக்க, வற்றும் பெருக்கும் நாளொன்றுக்கு இருமுறையாக மாதக்கணக்கில் அந்நெல்வயல்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.